படகின் மேனியில் படியும் நீர்க்கறை



பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் குடியேறும் நம்மவர் முதன்முதலில் உணரும் மாறுதல் மொழியன்று; தண்ணீரேயாகும். ஓர் ஊரில் பருப்பு விரைவில் குழைகிறது. மற்றோர் ஊரில் எத்துணை நேரம் அடுப்பில் இருந்தாலும் வேக மறுக்கிறது. ஓரிடத்தில் சிறிது சோப்பே நுரையைப் பொங்க வைக்கிறது. வேறோரிடத்தில் கட்டி கரைந்தும் நுரை எழுவதில்லை. முன்னதை நல்ல தண்ணீர் என்றும் பின்னதை உப்புத் தண்ணீர் என்றும் நாம் வழங்குகிறோம். இவ்வேற்றுமையை அறிந்தவர்க்கு இன்றைய பேச்சின் பொருள் எளிதில் விளங்கும். கண்ணாடி இழைப் படகின் பளபளப்பான மேனியில் தோன்றும் வெண்ணிறக் கறை யாது, அதனைப் போக்கும் முறை யாது, போக்கும்போது செய்யத்தகாதன யாவை என்பனவே நாம் இன்று காணவிருப்பவை.

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறினால் குமுளியும் அதனை அடுத்துத் தேக்கடியும் வருகின்றன. தேவிகுளம், மூணாறு, பீருமேடு ஆகிய பகுதிகளில் தேயிலைத் தோட்டங்களை ஒட்டித் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. வடக்கே, கோவையிலிருந்து வாளையாற்றைக் கடந்தால் பாலக்காட்டுச் சமவெளி. இவ்விரு எல்லைப் பகுதிகளிலும் அணைகளால் அமைந்த நீர்த்தேக்கங்கள் உள்ளன. 1895-இல் முடிவுற்ற பெரியாற்று அணையால் உண்டானதே தேக்கடி ஏரி. மூணாற்றுக்கு அருகில் மாட்டுப்பட்டியும் குண்டளையும் இருக்கின்றன. சென்னை அரசினரால் 1949-இல் கால்கோள் செய்யப்பெற்று, 1955-இல் முதலமைச்சர் காமராசரால் திறந்து வைக்கப்பெற்ற மலம்புழை அணை பாலக்காட்டிற்கு அண்மையில் உள்ளது. இந்நீர்த்தேக்கங்களில் சுற்றுலாப் படகுகள் செல்கின்றன. அவற்றுட் பல இன்று மரத்தாலன்றிக் கண்ணாடி இழையால் ஆனவை. படகைக் கழுவுதலும் துடைத்தலும் வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டவர் அங்கு உண்டு. அவர்களுக்கு இக்கறை நாள்தோறும் எதிர்ப்படும் இடர்.

முதலில் படகின் மேனியைப் பற்றி ஓரளவு அறிதல் வேண்டும். கண்ணாடியை உருக்கி மெல்லிய இழையாக நூற்கும் தொழில் 1930-களில் அமெரிக்காவில் வளர்ந்தது. அவ்விழையைப் பாலியெஸ்டர் என்னும் பிசினில் தோய்த்து இறுகச் செய்து சிறு படகு கட்டும் முயற்சி 1942-இலேயே அங்குத் தொடங்கிவிட்டது. நம் சோழமண்டலக் கரையில், 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் பைபர் படகு என்று மீனவர் அழைக்கும் இப்படகுகள் மிகுதியும் பரவின.

வீட்டிற்குச் சுவர் எழுப்பிய பின்னரே வெள்ளையடிக்கிறோம். இப்படகிற்கோ முறை தலைகீழானது. அச்சின் உட்புறத்தில் முதலில் நிறமேற்றிய பிசினைப் பூசுவர். ஜெல்கோட் என்று படகு கட்டுவோர் வழங்கும் மேற்பூச்சு அதுவே. அதன்மேல் கண்ணாடி இழைப் பாயையும் பிசினையும் அடுக்கடுக்காக இடுவர். இறுகிய பின் அச்சிலிருந்து எடுத்தால், முதலில் பூசியது வெளிப்புறமாகப் பளபளக்கும். இம்மேற்பூச்சின் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். அதாவது, இரண்டு அஞ்சலட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கனமே. வெயிலையும் நீரையும் தடுத்து உள்ளிருக்கும் இழையைக் காப்பது இம்மெல்லிய தோல்தான். தேய்ந்தால் அது தானே வளர்வதில்லை. இன்றைய பேச்சில் நினைவில் நிறுத்த வேண்டிய முதற்செய்தி இதுவே.

இனிக் கறைக்கு வருவோம். மழைநீர் தூயது, ஆனால் விழும்போதே காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சிறிது ஏற்றுக்கொள்கிறது. அந்நீர் சுண்ணாம்புக் கல்லின் வழியே ஊறும்போது, கல்லிலுள்ள கால்ஷியமும் மக்னீஷியமும் அதிற் கரைந்து பை-கார்பனேட்டுகளாகி உடன் வருகின்றன. கண்ணுக்கு நீர் தெளிவாகவே தோன்றும். அது படகின்மேல் துளியாக நின்று உலரும்போது, நீர் ஆவியாகிறது. கரியமில வாயு வெளியேறுகிறது. சுண்ணாம்புக் கல் மட்டும் எஞ்சுகிறது. துளியின் விளிம்பு முதலில் உலர்வதால், கரைந்த பொருள் விளிம்பை நோக்கி ஒதுங்கி வளையமாகப் படிகிறது. ஆதலின் நீர்க்கறை அழுக்கன்று. நீர் தன்னுடன் சுமந்து வந்து விட்டுச்சென்ற கல்லே அது. அழுக்கிற்கு உரிய சோப்பு இக்கல்லிடம் தோற்பது இதனாலேயே.

எவ்வளவு கல்? இந்தியத் தர நிர்ணய அமைப்பு குடிநீருக்கு வகுத்த 2012-ஆம் ஆண்டின் விதிகளின்படி, நீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்து 600 வரை பொறுக்கலாம். 600 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள நீரில் ஒரு லிட்டர் படகின்மேல் உலர்ந்தால், அரைக் கிராமிற்கு மேற்பட்ட கல் அங்குத் தங்கும். நாள்தோறும் கழுவி நாள்தோறும் உலரவிட்டால், ஒரு பருவத்திற்குள் படகு சுண்ணாம்புப் போர்வை போர்த்துவதில் வியப்பென்ன?

இவ்விடத்தில் நம் எல்லைப் பகுதிகள் இரண்டும் இருவேறு பாடங்களைக் கற்பிக்கின்றன. இடுக்கி மலைகளின் பாறைகள் பெரும்பாலும் சுண்ணாம்பு குறைந்த கடும்பாறைகள். அங்கு மழையும் மிகுதி. ஆகவே மலையேரிகளின் நீர் பொதுவாக மென்மையானது. பாலக்காட்டின் கிழக்கு எல்லையோ வேறு. சித்தூர், கொழிஞ்சாம்பாறை முதலிய இடங்களில் மழை குறைவு. நிலத்தடி நீர் பல கிணறுகளில் கடினமானது. வாளையாற்றை ஒட்டிய மலையில் சுண்ணாம்புக் கல் கிடைப்பதனாலேயே அங்கு மலபார் சிமெண்டுத் தொழிற்சாலை அமைந்தது. எல்லைக்கு இப்பால் மதுக்கரையில் 1934-இலேயே சிமெண்டு ஆலை தோன்றியதும் அக்கல்லை நம்பியே. சிமெண்டிற்கு உதவும் கல் அப்பக்கத்துக் கிணற்று நீரிலும் கரைந்திருத்தல் இயல்பே. அதே பாலக்காடு மாவட்டத்தின் மலைப்பகுதியில் ஊறும் சிறுவாணி நீர் மென்மைக்குப் பெயர் பெற்றிருப்பதையும் கோவை வாசிகள் நன்கறிவர். எனவே நீரை மாவட்டத்தின் பெயரால் மதிப்பிடலாகாது. அது ஊறி வந்த பாறையையே கேட்டறிதல் வேண்டும்.

மென்மையான நீருள்ள ஏரியிலும் படகின்மேல் வெண்கறை தோன்றுகிறதே என்று கேட்கலாம். மலையடிவார ஊர் ஒன்றில் நாம் கேட்ட உரையாடல் இதற்கு விடையாகும். இளைஞர் ஒருவர் மூத்த படகுக்காரரிடம், "நேற்றுத்தானே அண்ணே முழுப் படகையும் கழுவினேன். இன்றைக்குப் பார்த்தால் மோர் தெளித்த மாதிரி இருக்கிறதே!" என்று வருந்தினார். மூத்தவர், "எந்தத் தண்ணியில் கழுவினாய் தம்பி?" என்றார். "மேலே இருக்கிற போர்த் தண்ணியில்தான் அண்ணே. குழாய் பக்கத்திலேயே இருக்கிறது." "அந்தத் தண்ணியில் உன் வீட்டில் பருப்பு வேகுமா?" இளைஞர் சிரித்துவிட்டார். கறையைக் கொண்டு வந்தது ஏரியன்று. கழுவிய நீரே என்பது அவருக்கு அக்கணமே விளங்கிற்று.

ஆயினும் வெண்மையெல்லாம் நீர்க்கறையன்று. மருந்திடுமுன் நோயறிதல் வேண்டும். வெயிலிற் பல்லாண்டு நின்ற மேற்பூச்சு தானே வெளிறிச் சுண்ணப்பொடி போலாகும். விரலால் தடவினால் பொடி ஒட்டும். பரப்பு முழுதும் ஒரே சீராக மங்கியிருக்கும். நீர்க்கறையோ புள்ளியாகவும் வளையமாகவும் நிற்கும். நீர்மட்டத்தை ஒட்டிப் பழுப்பு நிறப் பட்டை காணப்பட்டால், அது இலைதழைகளின் சாறும் நீரிலுள்ள இரும்பும் சேர்ந்து உண்டாக்கிய கறை. அணை எழுந்தபோது மூழ்கிய மரங்களின் கட்டைகள் இன்றும் நிற்கும் தேக்கடி போன்ற ஏரிகளில், இலையும் மரமும் ஊறிய நீரில் இத்தகைய கறை எதிர்பார்க்கத்தக்கதே. நகத்தால் வருடும்போது புள்ளி மேடாகத் தட்டுப்பட்டால் கல் மேலே படிந்துள்ளது. பள்ளமாகத் தட்டுப்பட்டால் பூச்சே அரிக்கப்பட்டுள்ளது. முன்னதைக் கரைக்கலாம், பின்னதைக் கரைத்துப் போக்க இயலாது.

இப்பொழுது போக்கும் முறையைப் படிப்படியாகக் காண்போம்.

முதலாவதாக, படகைக் கரையேற்றி நிழலில் நிறுத்துக. மேனியைத் தொட்டால் குளிர்ச்சியாக இருத்தல் வேண்டும். சூடான பரப்பில் எந்த மருந்தும் வேலை செய்யுமுன் உலர்ந்து, தானே புதுக்கறையாகிவிடும். மென்மையான நீரை மேலிருந்து கீழாக ஊற்றித் தூசியையும் மணலையும் முற்றும் அகற்றுக. மணல் இருக்கத் துணியால் தேய்த்தால், அம்மணலே அரமாகிப் பூச்சை அறுக்கும். பின்னர் மென்மையான சோப்பு நீரால் எண்ணெயையும் அழுக்கையும் கழுவுக.

இரண்டாவதாக, வினிகர் என்னும் காடியை எடுத்துக்கொள்க. கடையில் விற்கும் வெள்ளை வினிகரில் நூற்றுக்கு நான்கைந்து பங்கு அசெட்டிக் அமிலம் உண்டு. அதனுடன் சம அளவு மென்மையான நீரைக் கலந்து, முதலில் படகின் பின்புறத்தில் கண்ணிற்படாத ஓரிடத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும். நிறம் மாறாவிடில், அதில் நனைத்த பருத்தித் துணியைக் கறையின்மேல் இரண்டு மூன்று நிமிடம் ஒட்டி வைக்கலாம். துணி உலர்தல் கூடாது. அமிலம் சுண்ணாம்புக் கல்லைத் தாக்கும்போது நுண்ணிய குமிழ்கள் எழக்கூடும். கல்லில் அடைபட்டிருந்த கரியமில வாயுவே அவ்வாறு வெளியேறுகிறது. எஞ்சும் கால்ஷியம் அசெட்டேட்டு நீரில் எளிதிற் கரையும். மெல்லத் துடைத்து, மிகுதியான நீரால் கழுவுக. கறை பழையதாயின் இதனை இருமுறை மும்முறை செய்யலாமேயன்றி, அமிலத்தின் வலிமையை ஏற்றுதல் தகாது. அலுமினியம், துத்தநாகம் பூசிய இரும்பு ஆகியவற்றில் பட்டால் உடனே கழுவிவிட வேண்டும்.

பித்தளைக் குடத்தைப் புளியிட்டு விளக்கிப் பழகிய நமக்கு, புளியே போதாதா என்று தோன்றும். புளியில் உள்ளது டார்டாரிக் அமிலம். அது சுண்ணாம்புடன் சேர்ந்து உண்டாக்கும் கால்ஷியம் டார்ட்டரேட்டு நீரில் எளிதில் கரைவதில்லை. ஒரு வெண்மையைப் போக்க மற்றொரு வெண்மையை வரவழைத்ததாகும். புளியுடன் நாம் சேர்க்கும் உப்புப் பரல் பித்தளைக்கு ஏற்றது. பிசின் பூச்சிற்குக் கீறலைத் தரும். பழுப்புக் கறைக்கு ஆக்சாலிக் அமிலம் அமைந்த மருந்துகளைப் பயன்படுத்துவர். அது இரும்பைப் பற்றி இழுக்க வல்லது. ஆனால் சுண்ணாம்புடன் சேர்ந்தால் அதுவும் கரையாத பொருளையே தரும். ஆகவே முதலில் காடியால் சுண்ணாம்பை நீக்கிக் கழுவிய பின்னரே பழுப்பைத் தொடுதல் முறை. ஆக்சாலிக் அமிலம் நஞ்சு; கையுறை இன்றித் தொடலாகாது; குழந்தைகளுக்கு எட்டும் இடத்தில் வைத்தலும் ஆகாது.

மூன்றாவதாக, காடியிலும் கரையாத கறை எஞ்சினால், அது மணற்சத்தாகிய சிலிக்காவாக இருக்கலாம். அல்லது பூச்சே அரிக்கப்பட்டிருக்கலாம். அப்போதுதான் மெருகுப் பசையை நாட வேண்டும். கிடைப்பனவற்றுள் மிக மென்மையான பசையைத் தேர்ந்து, இரண்டடிச் சதுரம் எடுத்துக்கொண்டு, கையால் மெல்லத் தேய்த்து, கறை மறைந்ததும் நிறுத்திவிடுக. மெருகு என்பது பூச்சின் ஒரு பகுதியைச் சீவி எடுப்பதேயன்றி வேறன்று. இரண்டு அஞ்சலட்டைக் கனத்திலிருந்து ஒவ்வொரு முறையும் செலவழிக்கிறோம் என்பதை மறவாதிருத்தல் நன்று.

நான்காவதாக, மெழுகு பூசுக. அமிலமும் சோப்பும் பழைய மெழுகை எடுத்துவிடுமாதலின், இப்படியைத் தவிர்த்தல் கூடாது. பிரேசில் நாட்டில் வளரும் ஒருவகைப் பனை, வறட்சியில் தன் ஓலையின் ஈரம் போகாதிருக்க மெழுகைச் சுரக்கிறது. கார்னபா எனப்படும் அம்மெழுகே படகிற்கும் மோட்டார் வண்டிக்கும் பூசும் உயர்ந்த மெழுகுகளில் சேர்கிறது. ஓலையின் ஈரத்தை வெளிவிடாது காத்த மெழுகு, வெளியீரத்தைப் படகின் உள்விடாது காக்கிறது. மெழுகிட்ட மேனியில் நீர் முத்து முத்தாய்த் திரண்டு உருளும். படிந்த சிறு கறையும் பூச்சைப் பற்றாது மெழுகோடு வந்துவிடும். பருவமழைக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் மெழுகிடுதல் நலம்.

செய்யத்தகாதனவற்றையும் கூறிவிடுகிறோம். குளியலறை, கழிப்பறை ஆகியவற்றிற்கு விற்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலக் கரைசலைப் படகிற்கு ஊற்றலாகாது. கறை நொடியில் மறையும். ஆனால் மேனியின் ஒளியும் கெடும், உலோகப் பகுதிகளும் அரிக்கப்படும், மூச்சிற்கும் தீங்கு. இரும்பு நார் கொண்டு தேய்த்தால் கீறலுடன், சிக்கிய இரும்புத் துகள் துருவாகிச் செம்புள்ளிகளையும் தரும். செங்கற்பொடி, சாம்பல், உப்புத்தாள் ஆகியவை வேண்டா. எல்லாவற்றினும் மேலாக, காடியையோ வேறெந்த அமிலத்தையோ சலவைத் தூளாகிய பிளீச்சிங் பவுடருடன் ஒருபோதும் கலவாதீர். குளோரின் என்னும் நச்சு வாயு எழுந்து உயிருக்கே ஊறு செய்யும்.

ஒரு வெண்புள்ளிக்கு இத்துணை எச்சரிக்கையா என்று கேட்பவர் உளர். மேற்பூச்சு தேய்ந்த இடத்தில் நீர் மெல்ல உட்புகுகிறது. உள்ளே முற்றும் இறுகாது எஞ்சிய பொருள்களை அது கரைத்துத் தங்கி, நாளடைவில் கொப்புளமாக எழும்புகிறது. கொப்புளம் கண்ட படகைச் செப்பனிட, அதனைப் பல நாள் கரையில் உலர வைக்க வேண்டும். சுற்றுலாப் பருவத்தில் படகு கரையில் நிற்குமானால், நாட்கூலி பெறும் குடும்பத்தின் அடுப்பும் உடன் ஓய்கிறது. அவசரத்தில் தேய்த்த ஒரு நாளின் பளபளப்பிற்கு ஒரு பருவத்தின் வருவாயை விலையாகக் கொடுத்தல் அறிவுடைமையாகாது.

இன்னொன்றும் உண்டு. படகைக் கையால் துடைப்பவரே அதன் ஒவ்வோர் அங்குலத்தையும் காண்பவர். மயிரிழைப் பிளவு, தளர்ந்த திருகு, மெலிந்த பிடிக்கம்பி, கொப்புளத்தின் முதல் மேடு ஆகியவற்றை முதலில் அறியத்தக்கவர் அவரே. 2009-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் தேக்கடி ஏரியில் இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு ஒன்று கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். அத்துயரத்திற்கும் நீர்க்கறைக்கும் தொடர்பில்லை. ஆனால் மேனியின் ஒளி படகின் பாதுகாப்பிற்குச் சான்றாகாது என்பதை அந்நாளுக்குப் பின் எவரும் மறத்தற்கில்லை. துடைக்கும் வேளையையே சோதிக்கும் வேளையாகவும் கொண்டு, கண்ட குறையை உரியவரிடம் அன்றே சொல்லிவிடுதல் கடமை.

மற்றொரு கடமையும் நமக்கு உரியது. படகை ஏரியில் மிதக்கவிட்டபடியே சோப்பும் அமிலமும் இட்டுக் கழுவுதல் தவறு. தேக்கடி ஏரியின் நீர் சுரங்க வழியே கிழக்கே இறங்கிக் கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களைக் கண்டு, வைகையுடன் கலந்து மதுரைச் சீமைக்குப் பாய்கிறது. மலம்புழை நீர் பாலக்காட்டு நகரின் குடிநீர். மேலே நாம் கொட்டும் நுரை கீழே நம் உறவினர் முகக்கும் குடத்திற்கே சென்று சேரும். கரையேற்றி, நீர்நிலைக்கு அப்பால் கழுவுவதே முறை.

வருமுன் காக்கும் வழியோ மிக எளிது. இறுதியாக ஊற்றும் நீர் மழைநீராகவோ மென்மையான நீராகவோ இருக்கட்டும். ஊற்றிய உடனே தூய பருத்தித் துண்டால் ஒற்றித் துடைத்துவிடுக. நீர் உலர்ந்தால்தான் கல் எஞ்சும்; நீரையே துணி எடுத்துக்கொண்டால் கல்லும் அதனோடு போய்விடும். மேலே போர்த்தும் தார்ப்பாய் படகில் ஒட்டாது, காற்றுப் புக இடைவெளி விட்டு நிற்கட்டும்.

படகே இல்லாத நேயர்களுக்கும் இதிற் பயனுண்டு. மும்பையிலோ டில்லியிலோ வேறெங்கோ வாழும் உங்கள் வீட்டுக் குழாயின் வாயில் படியும் வெள்ளை, வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் கட்டும் ஓடு, கண்ணாடித் தம்ளரின் புள்ளி, மோட்டார் வண்டியின் முகப்புக் கண்ணாடியில் காணும் வளையம் ஆகிய யாவும் பெரும்பாலும் இச்சுண்ணாம்பின் வேலையே. வினிகர், பொறுமை, உலர்ந்த துணி ஆகிய மூன்றும் அங்கும் உதவும். புதிய ஊரில் குடியேறியதும், அவ்வூர்த் தண்ணீர் எந்தப் பாறையில் ஊறி வருகிறது என்று ஒருமுறை வினவித் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டிற்கும், வண்டிக்கும், படகிற்கும் செய்யவேண்டியது யாதென்பது அவ்விடையிலேயே பாதி விளங்கிவிடும்.